அக்காவுக்குத் தராத ஐந்து பாத்திகள்

அக்கா போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. இன்று தலைத் திவசம். வந்திருக்கும் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நான் அக்காவின் தம்பி. தோட்டப் பள்ளியில் மூன்றாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. அக்காவின் பெரிய மகள்தான் இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னாள்.

"நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க மாமா. அம்மா பொறுமைசாலி, யாருக்கும் கெடுதல் நெனைக்காதவங்க, அந்த மாதிரி."

"அதை எல்லார் மலர்லயும் போடுறாங்களே" என்றேன்.

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்க. அந்தக் காலத்து ஆளுங்கள்ல நீங்க மட்டும்தானே மிச்சம்."

அது உண்மை. அதனால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது டுரியான் துங்கல் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். நான் எட்டு வருடம் பின்னால் பிறந்தேன். என்னைப் பெற்ற மூன்றாம் நாள் அம்மா இறந்தார். எனக்குச் சோறு ஊட்டியது, தலை வாரியது, பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது எல்லாம் அக்காதான். அவர் பள்ளிக்குப் போனதில்லை. பத்து வயதில் புல் வெட்டும் கும்பலில் சேர்ந்தார்.

தோட்டத்தில் ரப்பர் மரத்தடியில் ஒரு புல் தெரியக்கூடாது. தரை உள்ளங்கை மாதிரி இருக்க வேண்டும். கங்காணி குனிந்து பார்ப்பார். புல் தெரிந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான் விழும், அரை நாள் கூலி போய்விடும். அப்படிப் பழகிய கை எங்கள் கை. புல்லைக் கண்டால் தானாகவே வெட்டும். அந்தக் கைதான் பிறகு எங்களைக் கெடுத்தது.

பதினெட்டு வயதில் அக்காவுக்குக் கல்யாணம். மச்சான் அதே தோட்டத்தில் பால் வெட்டியவர். அதிகம் பேசமாட்டார். இரண்டும் பெண் பிள்ளைகள். பெரியவள், சின்னவள் என்றே எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் வந்ததும் தோட்டத்துத் துரை ஓடிவிட்டார். வேலை நின்றது, அரிசி நின்றது. அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். நாங்கள் மலாக்கா டவுனுக்கு வந்தோம். காஜா பேராங்கில் பெரியப்பா இருந்தார். அப்பாவுக்கு அண்ணன் முறை. நாற்பது வருடம் கங்காணியாக இருந்தவர். அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிசை போட்டுக்கொண்டோம்.

அடுத்த வருடம் மச்சானைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். மூன்று மாதத்தில் அனுப்பிவிடுவோம் என்றார்கள். அவர் திரும்பி வரவேயில்லை. எங்கே கிடக்கிறார் என்றும் தெரியாது.

அப்போதுதான் எல்லோரும் கிழங்கு நட வேண்டும் என்று உத்தரவு வந்தது. காஜா பேராங்கிலிருந்து தெங்கேரா பக்கம் இறங்கினால் ஒரு மணல் மேடு. தென்னை நின்ற இடம். தென்னையை யாரோ வெட்டிப் போயிருந்தார்கள். நிலத்துச் சொந்தக்காரர் ஊரில் இல்லை. பெரியப்பா கயிறு பிடித்து ஆறு துண்டாகப் பிரித்தார். ஆறு வீடு, ஆறு துண்டு. ஒன்று எனக்கு. எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. கடலைப் பார்த்த கடைசித் துண்டை அக்காவுக்குக் காட்டினார்.

"உனக்கு ஆம்பளைத் துணை இல்லம்மா. நாங்க ரோட்டுப் பக்கம் இருந்து காவல் பாத்துக்கறோம்."

"கடலுக்குள்ள இருந்தா பெரியப்பா திருடன் வர்றான்?" என்றார் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். துண்டு மாறவில்லை.

நாங்கள் தோட்டத்து வழக்கப்படியே செய்தோம். புல்லை வேரோடு எடுத்தோம். சருகைக் கூட்டி எரித்தோம். ஒவ்வொருவரும் தன் துண்டைச் சுற்றிக் குச்சி வேலி போட்டோம். பெரியப்பா இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"பாருங்கடா, வேலைன்னா இது. துரை இருந்தா முழுப் பேரு போட்டிருப்பான்."

வெயில் மாதம் வந்தது. மதியத்துக்கு மேல் கடல் காற்று எழும்பியது. புல் இல்லாத மணல். பிடிக்க ஒன்றுமில்லை. அக்காவின் துண்டு மண் என் துண்டுக்கு வந்தது. என் மண் அடுத்தவருக்குப் போனது. கொடி சில இடத்தில் புதைந்தது, சில இடத்தில் வேர் தெரிய ஆடியது. கிழங்கு எலி வால் கனத்துக்கு மேல் வரவில்லை. கஞ்சியில் மணல், கண்ணில் மணல், பிள்ளைகள் பாயில் மணல்.

"என் மண்ணு உன் பாத்தியில கெடக்கு தம்பி. ஒரு கூடை திருப்பிக் குடு" என்றார் அக்கா.

எல்லோரும் காற்றைத் திட்டினார்கள். அக்கா திட்டவில்லை. அடுப்புச் சாம்பலை ஒரு சிரட்டையில் எடுத்துக்கொண்டு காற்று நேரத்தில் மேட்டுக்குப் போவார். ஓர் இடத்தில் நின்று ஒரு சிட்டிகை விடுவார். சாம்பல் எப்படிப் போகிறது என்று பார்ப்பார். நாலு எட்டு நடப்பார். மறுபடி விடுவார்.

மேட்டின் ஓரத்தில் ஒரு மலாக்காச் செட்டி வீடு இருந்தது. செட்டிமார் பல தலைமுறைக்கு முன்பே வந்து குடியேறியவர்கள், கோயிலில் நம்மோடு நிற்பார்கள். வீட்டில் மலாய்தான் பேசுவார்கள். அந்த வீட்டில் புருஷனும் பெண்சாதியும் மட்டும். பிள்ளை இல்லை. தோட்டத்தைச் சுற்றி ஆள் உயர மூங்கில் வேலி வைத்திருந்தார்கள். உள்ளே புல் இருந்தது, சருகு இருந்தது, மண் கறுப்பாக இருந்தது. அந்த வீட்டம்மா அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

"பூவாட் அப்பா இத்து?" என்ன செய்கிறாய் என்று கேட்டார்.

"தெங்கோக் ஆங்கின்" என்றார் அக்கா. காற்றைப் பார்க்கிறேன் என்று.

அந்த வேலிக்குப் பின்னால் பன்னிரண்டு எட்டு வரை சாம்பல் நேராகக் கீழே விழுந்தது. அதற்கு மேல் பறந்தது. அக்கா அதைப் பத்து நாள் பார்த்துவிட்டுத்தான் பேசினார். கிணற்றடியில் எல்லோரையும் கூப்பிட்டார்.

"ஒருத்தர் தோண்டிப் போட்டா அடுத்தவர் துண்டு கெடுது. அவங்கவங்க துண்டுல மரம் வச்சுத் தடுக்கலாம்னா, துண்டே பன்னெண்டு எட்டுதான் அகலம். மரம் வச்சா நட எடமில்ல. வேலியப் பிடுங்கிட்டு ஆறையும் ஒண்ணாக்குவோம். கடல் பக்கத்துத் துண்டு முழுக்க மரம். மீதி அஞ்சுல நடலாம்."

"கடல் பக்கத்துத் துண்டு உன்னோடதாச்சே அக்கா" என்றேன்.

"ஆமா. அதுக்குப் பதிலா ஆளுக்கு ஒரு பாத்தி எனக்குக் குடுங்க. அஞ்சு பாத்தி. நானும் ரெண்டு பிள்ளையும் பொழைச்சுக்குவோம்."

"மரம் எப்ப வளர்றது, நாம எப்ப திங்கிறது?" என்றார் பெரியப்பா மகன்.

"அதுவரைக்கும் தென்னங்கீத்துத் தடுப்பு. அதுக்குப் பின்னால மரவள்ளி ரெண்டு வரிசை, மூணு மாசத்துல இடுப்புக்கு வந்துடும். பாத்திக்குப் பாத்தி நடுவுல ஒரு முழம் புல்லை விட்டுடணும். சருகை எரிக்கக் கூடாது. எல்லாரும் ஒரே நாள்ல தோண்டக் கூடாது. பாதி தோண்டினா பாதி மூடியிருக்கணும்."

"புல்லு வளக்கிறதுக்கா நான் நாப்பது வருஷம் கங்காணியா இருந்தேன்?" என்றார் பெரியப்பா.

"காத்து கங்காணிக்குப் பயப்படாது பெரியப்பா."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சரி என்றார். மற்றவர்களும் சரி என்றோம்.

"கற்பூரம் அணைச்சுச் சொல்லிடுவோம்" என்றார் அக்கா.

இளம்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பெரிய பேச்சு முடிந்தால் கற்பூரத்தை ஏற்றிக் கையால் அடித்து அணைப்போம். அப்படிச் சொன்ன சொல்லை எங்களில் யாரும் மாற்றமாட்டோம். அப்போது கற்பூரம் எங்கும் கிடைக்கவில்லை. சாமிக்கே எண்ணெய்த் திரிதான்.

"கற்பூரத்துக்கு எங்கம்மா போறது? கிணத்தடியில நின்னு அஞ்சு ஆம்பளைங்க சொல்றோம். பத்தாதா?" என்றார் பெரியப்பா.

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு "பத்தும்" என்றார்.

அந்த ஐந்து பேரில் நான் ஒருவன்.

அக்கா தஞ்சோங் கிளிங் கடற்கரைக்கு நடந்துபோய்ச் சவுக்குக் கன்று பிடுங்கி வந்தார். மலாய்க்காரர்கள் ரூ என்பார்கள். ஈரச் சாக்கில் சுற்றித் தலையில் வைத்து, இடுப்பில் சின்னவளை வைத்து நடந்தார். ஆறு தடவை போனார். மூன்று வரிசை நட்டார். முன்வரிசை இடைவெளிக்கு நேராகப் பின்வரிசைக் கன்று நிற்கும். காற்று புகுந்து வர வழி இல்லை. தண்ணீரும் அவரே சுமந்தார். பெரியப்பா புல் வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வெட்டவில்லை.

அடுத்த வெயில் காலத்தில் மணல் எழும்பவில்லை. மரவள்ளித் தடுப்புக்குப் பின்னால் கொடி தரையை மூடிக்கொண்டது. வள்ளிக்கிழங்கு கை மொத்தம் வந்தது. ஐந்து வீட்டிலும் அக்காவுக்கு ஒரு பாத்தி விட்டோம். இரண்டு அறுவடை அப்படி நடந்தது. சவுக்கு ஆள் உயரத்தைத் தாண்டியது. அக்காவின் வாழ்க்கையில் நல்ல காலம் என்று சொன்னால் நான் அதைத்தான் சொல்வேன். பத்து மாதம் இருக்கும்.

பிறகு பஞ்சம் முற்றியது. தோட்டங்களிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து ஒவ்வொரு வீட்டிலும் ஏறிக்கொண்டார்கள். பெரியப்பா மறுபடி எல்லோரையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

"இனிமே பாத்தி விட முடியாதும்மா. என் வீட்டுல இப்ப ஒம்பது வாய்."

"சொன்ன சொல்லு பெரியப்பா."

"கற்பூரம் அணைச்சா சொன்னோம்?"

பெரியப்பா மகன்தான் பேசினார்.

"உனக்கு நெலம் இல்லாமலா போச்சு? கடல் பக்கத்துத் துண்டு உன்னோடதுதானே. நட்டுக்க."

"அதுல மரம் நிக்குது."

"அது நிக்கட்டும்."

"மரத்தை வெட்டிட்டு நட்டுக்கவா?"

"ஐயோ, வெட்டிடாதே. மரம் பொது."

அக்கா சிரித்தார். "நெலம் என்னோடது, மரம் பொது. நல்லாப் பிரிச்சீங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ சொல்லு."

நான் கிணற்றுக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவிக்கு அப்போது எட்டு மாதம். அது என் காரணம். காரணம் ஐந்து பேருக்கும் இருந்தது.

அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாலு நாள் கழித்து ஒரு கூடைக் கிழங்கு கொண்டுபோனேன். அக்கா வாசலில் வாங்கவில்லை.

"பாத்தியக் குடு. வாங்கிக்கறேன். இது வேணாம்."

"அக்கா, பிள்ளைங்களுக்காவது..."

"பிள்ளைங்களோடதைத்தானே கேக்கறேன்."

கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். பாத்தியைக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. என் ஒரு பாத்தியைக் கொடுத்தால் மற்ற நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தேன். அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைக்கவில்லை.

அக்கா அடுத்த வீடுகளில் மாவு இடித்தார், விறகு பொறுக்கினார், காட்டுக் கீரை பறித்தார். பெரியவள் தாங்கினாள். சின்னவளுக்குக் கால் வீங்கியது. மூன்று வயது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும்.

நான் போய்ச் சொன்னேன். "மரத்தை வெட்டிடு அக்கா. யாரு என்ன சொல்றாங்களோ சொல்லட்டும்."

"வெட்டி இன்னைக்கே நட்டாலும் கெழங்குக்கு நாலு மாசம். இவ நாலு மாசம் தாங்கமாட்டா. அதுக்குள்ள காத்து அந்த அஞ்சு துண்டையும் வாரிக்கிட்டுப் போயிடும். உன் பொண்டாட்டி பெத்து என்ன திம்பா?"

நான் எழுந்து வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாள் காலையில் அக்கா சின்னவளைக் குளிப்பாட்டி, தலை சீவி, மூங்கில் வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் செட்டி வீட்டம்மா கையில் கொடுத்தார். அவர்களிடம் தென்னை இருந்தது, வாத்து இருந்தது. நானும் கூடப் போனேன். அந்தம்மா அழுதார்.

"அனாக் தெத்தாப் அனாக் காவு" என்றார். பிள்ளை எப்போதும் உன் பிள்ளைதான் என்று.

அக்கா அழவில்லை. திரும்பி வந்து சவுக்குக்குத் தண்ணீர் ஊற்றினார். வேலிக்கு அந்தப் பக்கம் பிள்ளை கூப்பிடுவது கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு வாரத்தில் நின்றுவிட்டது.

சின்னவள் பிழைத்தாள். ஐந்து வீட்டிலும் கிழங்கு வந்தது. என் மகன் பிறந்தான்.

பிறகு ஒரு பேச்சு கிளம்பியது. "மரத்தை வச்சுக்கிட்டுப் பிள்ளையைக் குடுத்தவ." எந்த வீட்டில் கிளம்பியது என்று தெரியும். இப்போது அது வேண்டாம். கல்யாண வீட்டில், கருமாதி வீட்டில், எங்கே அக்கா வந்தாலும் முதுகுக்குப் பின்னால் அதைச் சொன்னார்கள். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் சிலரும் சொல்லியிருக்கிறீர்கள். என் வீட்டிலேயே சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

ஜப்பான்காரன் போனான். நிலத்துச் சொந்தக்காரர் ஆட்களோடு வந்தார். ஒரு காலையில் மூன்று வரிசைச் சவுக்கையும் வெட்டிக் கம்பாக ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். யாரும் பொது என்று சொல்லவில்லை.

அக்கா சின்னவளை அழைத்துவரப் போனார். நானும் கூடப் போனேன். சின்னவள் தமிழை மறந்திருந்தாள். செட்டி வீட்டம்மாவின் சாரோங்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள். அந்தம்மா பிள்ளையின் துணிகளை மூட்டையாகக் கட்டித் தயாராகத்தான் வைத்திருந்தார். கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அக்கா மூட்டையைத் தொடவில்லை.

"ரெண்டாவது தடவையும் இவளைப் பிடுங்கணுமா?" என்றார். அந்தம்மாவுக்கு விளங்கவில்லை. நான் மலாயில் சொன்னேன். அக்கா தனியாகத் திரும்பி நடந்தார்.

அதன் பிறகு அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டும் வேலை பார்த்தார். முப்பது வருடம். பெரியவளை ஆஸ்பத்திரித் தாதியாக்கினார். அவள் புக்கிட் பாருவில் வீடு வாங்கியதும் அங்கே போனார். சின்னவள் காஜா பேராங்கிலேயே வளர்ந்தாள், கல்யாணம் செய்தாள், பிள்ளை பெற்றாள். கோயில் திருவிழாவில் அக்காவைப் பார்த்தால் "மக்சிக்" என்பாள். தெரிந்த பெரிய பெண்கள் யாரையும் மலாயில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அக்கா "நலமா?" என்று மலாயில் கேட்பார். அவ்வளவுதான். பெற்றவர் யார் என்று சின்னவளுக்குச் சின்ன வயதிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். மரக் கதையையும் சேர்த்துத்தான் சொன்னார்கள்.

அக்கா என்னிடம் பேச்சை நிறுத்தவில்லை. என் பிள்ளைகள் கல்யாணத்துக்கு வந்தார், பாத்திரம் கழுவினார், பேரப்பிள்ளைகளைத் தூக்கினார். கிணற்றடியைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடைசி மூன்று மாதம் படுக்கை. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. பெரியவள் வேலைக்கு விடுப்புப் போட்டுப் பார்த்துக்கொண்டாள். சின்னவள் தினமும் கஞ்சி கொண்டுவந்தாள். ஊட்டிவிடுவாள், வாய் துடைப்பாள், போய்விடுவாள். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அக்கா போய்விட்டார்.

புக்கிட் பாரு அண்டை வீட்டார் பந்தல் போட்டார்கள், சமைத்தார்கள், எங்களை உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். பாடை தூக்கியவர்கள், மழையில் நின்றவர்கள், தூரத்திலிருந்து வந்தவர்கள், எல்லோருக்கும் நன்றி. பெரியவளுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் நன்றி. செட்டி வீட்டு இருவரும் இப்போது இல்லை. அவர்கள் சோறு போட்டார்கள். நாங்கள் ஐந்து பேர் போடவில்லை. அவர்களுக்கு எந்த நன்றியும் பத்தாது.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் நான் சின்னவள் வீட்டுக்குப் போனேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எனக்கு மலாய் நன்றாகத் தெரியும். எப்போதும் தெரியும். கிணற்றடியில் நடந்ததை இத்தனை வருடமாக அவளிடம் சொல்லவில்லை. அன்றுதான் சொன்னேன்.

அவள் சமையலறையில் குவே என்கிற பலகாரம் செய்ய இலை துடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்லத் துடைத்துக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் கேட்டாள்.

"பெராப்பா பாத்தாஸ்?" எத்தனை பாத்தி என்று.

"லீமா" என்றேன். ஐந்து.

"மாமா புன்யா புன் அடா?" மாமாவுடையதும் அதில் இருந்ததா என்று.

"அடா" என்றேன். இருந்தது.

அவள் இலையைக் கீழே வைத்தாள். என்னைத் திட்டவில்லை. போகச் சொல்லவும் இல்லை. பிறகு ஒரு வார்த்தை சொன்னாள்.

"துலிஸ்." எழுது என்று.

எழுதிவிட்டேன். ஐந்து பாத்தி தருவதாகக் கிணற்றடியில் நின்று அக்காவுக்குச் சொன்னோம். தரவில்லை. நான் அங்கே இருந்தேன். மற்ற நாலு பேர் பெயரை எழுதவில்லை, அவர்கள் இப்போது உயிரோடு இல்லை. என் பெயர் கீழே இருக்கிறது.

தம்பி,
மாரிமுத்து
காஜா பேராங், மலாக்கா